சிஸ்டம் பையன் ஒருத்தன் போதுமா?

நம்ம ஊர் நடுத்தரக் கம்பெனிகள்ல ஒரு விநோதம். டெய்லர் நாற்பது பேர் நானூறு ஆனா சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர், ஹெச்.ஆர். எல்லாரும் கூடவே வந்துடுவாங்க. கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் அன்னைக்கு இருந்த அதே ஒருத்தன்தான்! கேட்டா, "சிஸ்டம் பையன் பார்த்துப்பான்."

பாவம், எத்தனையைத்தான் பார்ப்பான்? பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் அவன், டேலி திறக்கலைன்னாலும் அவன், முதலாளி வீட்டு வைஃபைக்கும் அவன்.

ஒரு காலத்துல இது ஓடுச்சு. பொட்டி படுத்துட்டா கையால பில் போட்டு லாரியை அனுப்பிடலாம். 2017 ஜூலையில ஜி.எஸ்.டி., 2018ல இ-வே பில் வந்தாச்சு. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர்ல 500 கோடிக்கு மேல விற்பனை உள்ளவங்களுக்குன்னு ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு இறங்கிடுச்சு. இப்ப சிஸ்டம் நின்னா சரக்கும் கேட்டுக்குள்ளயேதான் நிக்கும்.

என்னைக் கேட்டா, இந்த வரிசையில வளர்க்கணும். முதல்ல பாஸ்வேர்டு, லைசென்ஸ், வெப்சைட் பேரு எல்லாம் கம்பெனி பேர்ல வரட்டும். அவனோட சொந்த ஜிமெயில்ல இருக்கக் கூடாது. அடுத்து, அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் தெரிஞ்ச ரெண்டாவது ஆள். சொந்தமா சாஃப்ட்வேர் எழுத புரோகிராமர் தேடுறது அதுக்கப்புறம்தான். புது யூனிட் போடுற மீட்டிங்கிலயும் அவனை உட்கார வைங்க. கேபிள் எங்க போகணும்னு சுவர் பூசின பிறகு கேட்டா எப்படி?

"ரெண்டாவது ஆள் தண்டச் சம்பளம்"னு சொல்றவங்களுக்கு: கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டரும் சும்மாதான் நிக்குது. அதை யாராவது தண்டம்னு சொல்றோமா?

பேக்கப்பும் அப்படித்தான். 2017 ஜூன்ல நாட்பெட்யா தாக்கினப்ப, மேர்ஸ்க் கப்பல் கம்பெனியோட டொமைன் கன்ட்ரோலர்கள்ல கானா ஆபீஸ்ல இருந்த ஒண்ணுதான் தப்பிச்சுது. காரணம், அந்த நேரம் பார்த்து அங்க கரண்ட் கட்! அவ்வளவு பெரிய கம்பெனியே அதிர்ஷ்டத்துல பிழைச்சுது. நாமளும் மின்வெட்டை நம்பி உட்கார முடியுமா? :-)

எல்லாத்தையும் விட எனக்கு உறுத்துறது அந்தப் பையன்தான். தங்கச்சி கல்யாணத்துல பந்தி பரிமாறும்போதும் காதுல போன். பத்து வருஷமா அதே மேஜை, அதே வேலை. நல்ல இடம் கிடைச்சதும் கிளம்பிடுவான். கம்பெனியோட பாதி ஞாபகமும் அவன்கூடவே போயிடும்.

முதலாளிகளே, செலவில்லாத சோதனை ஒண்ணு சொல்றேன். அவனுக்குப் பத்து நாள் லீவு கொடுத்து, போனை அணைச்சு வைக்கச் சொல்லுங்க. பதினோராவது நாள் எல்லாம் ஒழுங்கா ஓடிட்டிருந்தா, நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன்.