தகரக் கொட்டகைக்கும் சரித்திரம் உண்டு!

அன்புக் குழந்தைகளே,

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் ஏறி, நசரத்பேட்டை வந்ததும் ஜன்னல் வழியாகப் பாருங்கள். அந்தப் பக்கம் எங்காவது கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கும். வேலையாட்கள் தங்கத் தகர ஷீட் கொட்டகை போட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அங்கே கொட்டகை இருந்ததே நமக்கு மறந்துபோகும்.

ஆனால், மண் மறக்காது!

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தொல்லியல் அறிஞர்கள் தோண்டியபோது, தரையில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தன. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் கூரையைத் தாங்கிய மரக்கம்பங்களை நட்ட குழிகள் அவை. மரம் மக்கிப் போனாலும், குழியை நிரப்பிய மண் வேறு நிறத்தில் தனியாகத் தெரியும். அதை வைத்தே வீட்டின் நீள அகலத்தைச் சொல்லிவிடலாம்.

போருக்குப் போகும் படை, போகிற இடத்தில் குடிசை போட்டுத் தங்குவது நமக்குப் புதிதல்ல. சங்க நூலான முல்லைப்பாட்டு, காட்டைத் திருத்தி, வேலி கட்டி, தழைக்கூரை வேய்ந்த பாசறையை அப்படியே கண்முன் கொண்டுவருகிறது.

முதல் உலகப் போரில் தழைக்குப் பதில் தகரம் வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த பீட்டர் நிசென் என்ற பொறியாளர், 1916-இல் ஒரு கொட்டகையை வடிவமைத்தார். பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல இருக்கும். ஆறு பேர் சேர்ந்தால் நாலு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். அந்தப் போரிலேயே ஒரு லட்சம் கொட்டகைகளுக்கு மேல் தயாராயின. போர் முடிந்ததும் என்ன ஆயின? பிரித்தார்கள், விற்றார்கள், கிராமத்துக் கூடமாகவும் மாட்டுத் தொழுவமாகவும் ஆக்கினார்கள்.

இங்கிலாந்தில் கேனக் சேஸ் என்ற இடத்தில் அந்தக் காலத்து ராணுவ முகாம் ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. 2013-இல் அங்கே தோண்டினார்கள். பெல்ஜியம் நாட்டு மெசின் கிராமத்தின் குட்டி மாதிரி வெளிப்பட்டது! தெரு, வீடு, பதுங்குகுழி எல்லாம் பொம்மை அளவில் இருந்தன. அந்தக் கிராமத்தில் போரிட்ட நியூஸிலாந்து வீரர்கள், ஜெர்மன் போர்க் கைதிகளைக் கொண்டு பயிற்சிக்காகச் செய்யவைத்தது அது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1942 ஏப்ரல் 6-இல் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று பயந்து, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்தார்கள். நசரத்பேட்டையிலிருந்து வெளிவட்டச் சாலையில் வடக்கே போனால் வரும் ஆவடிப் பக்கம் அப்போது ராணுவ முகாம் இருந்தது. இன்னும் வடக்கே, சோழவரத்தில் போர் விமானங்களுக்கு ஓடுபாதை போட்டார்கள்.

போருக்குப் பிறகு, சோழவரம் ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடல் வந்தது. அதனால், சோழவரம் ஓடுபாதையைப் பலருக்கும் தெரியும். ஆனால், அங்கே விமானத்தைப் பழுது பார்த்தவரும், சோறு வடித்தவரும், காவல் நின்றவரும் எந்தக் கூரையின் கீழ் தூங்கினார்கள்? இதைக் கேட்பவர்தான் குறைவு.

கோட்டையைக் காப்பாற்ற ஆள் உண்டு. கொட்டகையைக் காப்பாற்ற ஆள் இல்லை. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி, 100 வயதான சின்னத்தைத்தான் பாதுகாக்க முடியும். 1942-இல் போட்ட கொட்டகைக்கு 2042-இல்தான் நூறு வயதாகும். அதற்குள் மனை போட்டு, அடுக்குமாடி கட்டி, சிமென்ட் தரையைக்கூடப் பெயர்த்துவிட மாட்டார்களா? கண்ணால் பார்த்தவர்களும் காத்திருக்க மாட்டார்கள். அன்று உங்கள் வயதில் இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டிலோ தெருவிலோ வயதான தாத்தா, பாட்டி இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். "போர்க் காலத்தில் இங்கே என்ன இருந்தது? யார் தங்கினார்கள்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவர்களுடைய அப்பா, அம்மா சொன்ன கதையாக இருந்தாலும் சரி, சொன்னபடியே எழுதுங்கள். யார் சொன்னது, என்று சொன்னது என்பதையும் குறித்து வையுங்கள். பழைய சிமென்ட் தரையோ, காரணம் தெரியாத படிக்கட்டோ கண்ணில் பட்டால் படம் வரையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்களாக எங்கும் தோண்டக் கூடாது. துருப்பிடித்த குண்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி வந்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் போலீசுக்குத் தகவல் சொல்வார்கள்.

ராஜாவின் பெயரைக் கல்வெட்டு சொல்லும். கொட்டகையில் படுத்த சிப்பாயின் பெயரை யார் சொல்வார்கள்? உங்கள் நோட்டுப் புத்தகம் சொல்லட்டுமே!

அன்புடன்,
ஆசிரியர்