தெருவோரப் பீலியும் தோட்டத்துத் தாகமும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் தெருவிலே, புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அணுகும்போது, வளைவுக்கு வளைவு மலை நீர் சொரிவதைக் காணலாம். பாறை இடுக்கிலே செருகிய இரும்புக் குழாய். சிலவிடங்களிற் பிளந்த மூங்கில். அதன் கீழே கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய சிறு தொட்டி. மலைநாட்டார் இதனைப் பீலி என்பர். சென்ற பங்குனியில் நாம் அவ்வழியே சென்றபோது, சாரதி எவரையும் கேளாமலே வண்டியை நிறுத்திப் போத்தல்களுடன் இறங்கினார். நாமும் இறங்கி இரு கைகளையும் ஏந்திக் குடித்தோம். பல் கூசும் குளிர்ச்சி! உவர் ஏறுமோ, கிணறு வற்றுமோ என்று அஞ்சி அஞ்சி இறைத்துப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்கு, இறைப்பாரின்றி இரவும் பகலும் ஓடும் நன்னீரைக் கண்டால் மகிழ்ச்சி ஒரு பங்கும் பொறாமை இரு பங்கும் எழுவது இயற்கையே.

குடங்களோடு நின்ற பெண்ணொருத்தி எமக்காக ஒதுங்கி நின்றாள். அவளுடைய முறையை நாம் பறித்துக்கொண்டோம் என்பது குடித்து முடித்த பின்னரே எமக்கு உறைத்தது. “எந்நாளும் இங்கேதானா பிள்ளை தண்ணீர் எடுப்பது?” என்று வினவினோம். “மழைக்காலத்துல லயத்துக்கிட்டயே வரும் ஐயா. தை பொறந்தா அது நின்னுரும். அப்புறம் ரோட்டுப் பீலிதான்” என்றாள். அவள் காட்டிய லயம் தெருவுக்கு மேலே, செங்குத்தான படிகளின் உச்சியிலே தெரிந்தது. எமக்குப் பயணத்தின் இன்பமாக அமைந்த நீர், அவளுக்கு நாள்தோறும் இடுப்பிலே சுமக்கும் பாரம்.

இந்நீர் எங்கிருந்து வருகின்றது? மலை முகட்டிலே பெய்யும் மழையைக் காடும் புல்லும் தடுத்து நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. உக்கிய பாறையினூடாகவும் வெடிப்புகளினூடாகவும் மெல்ல இறங்கும் நீர், உடையாத கருங்கல்லைச் சந்தித்ததும் பக்கவாட்டிலே வழி தேடுகின்றது. வெள்ளைக்காரன் தெருவமைக்க மலைச் சரிவை வெட்டிய இடங்களிலே அவ்வழி திறந்துகொண்டது. தெருவோரத்திலே இத்தனை பீலிகள் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே ஊற்றைக் காப்பது என்பது தொட்டியைக் கழுவி வெள்ளையடிப்பதன்று. அதற்கு மேலேயுள்ள மலையைக் காப்பதாகும். இது புதிய ஞானமுமன்று. கோப்பிக்காகக் காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்ட காலத்திலேயே, 1873ஆம் ஆண்டில், கியூ தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென எச்சரித்தார். கோப்பி நோயால் மடிந்தது, தேயிலை வந்தது. அந்த உயரத்துக்குக் கீழேயிருந்த சரிவுகளோ பெரும்பாலும் காடிழந்தே நின்றன.

மலைநீர் மருந்துநீர் என்று நம்மவர் சொல்லிக்கொள்வதுண்டு. தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. பீலிக்கு மேலே தேயிலைக்கு இடும் யூரியாவும், மலக்குழியின் கசிவும் அதே மண்ணுக்குள்தான் இறங்குகின்றன. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளிலே பசளை ஊறிய கதையை அறிந்த எமது கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இறம்பொடையிலே நாம் குடித்த நீரில் எவ்வளவு இருந்தது என்று சொல்ல அங்கே ஒரு பலகைதானும் இல்லை. ஒருமுறை குடித்துவிட்டுப் போகின்ற எமக்குப் பெருந் தீங்கு நேராதிருக்கலாம். போத்தற் பாலை இந்நீரிலே கரைத்துக் குடிக்கும் லயத்துக் குழந்தையின் நிலை என்ன?

தோட்டம் கவனிக்கட்டும் என்று சபையும், சபை கவனிக்கட்டும் என்று தோட்டமும் கைவிரிக்கச் சட்டமே இடமளித்தது என்பதை எமது வாசகர்களிற் பலர் அறியமாட்டார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிலே சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தெருவோரப் பீலிக்குச் சபை சீமெந்து பூசலாம். அதற்கு நூறு யார் மேலேயுள்ள லயத்துக்குக் குழாய் போட முனைந்தால் சட்டம் குறுக்கே நிற்கும்! இத்தடை நீங்குவதற்கு 2018ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1948இலே பிரஜாவுரிமையைப் பறித்தவர்கள் வாக்கை மட்டுமா பறித்தார்கள்? வாக்கில்லாதவன் வாயிலுக்குக் குழாய் கொண்டுவரும் அவசரம் எவருக்கு இருக்கும்? தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நீர் தேடித் தேடி நடந்த முன்னோரின் இருநூறாண்டு நினைவாக 2023இலே அதே வழியில் மக்கள் நடந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் குடத்தோடு நடக்கின்றார்கள்.

எமது குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. சித்திரைப் பருவத்திலே நுவரெலியாவுக்குச் செல்லும் வடபுலத்து எஞ்சினியரும் வைத்தியரும் கணக்கற்றவர். பீலியடியிலே படம் பிடிப்பார்கள். நீரைச் சோதித்தவர் எத்தனை பேர்? “அது மலைநாட்டார் பிரச்சினை” என்று தட்டிக்கழிப்பவருக்கு ஒன்று சொல்வோம். இறம்பொடையில் விழும் நீர் கொத்மலையைச் சேர்ந்து, மகாவலியாகித் திருகோணமலையிலே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கின்றது. மூதூரிலும் வெருகலிலும் வயல் விதைக்கும் தமிழனின் வாய்க்கால் இந்த மலையிலேதான் தொடங்குகின்றது.

சட்டத்தடை நீங்கிய பின்னரும் சும்மா இருக்கும் சபைகளுக்குச் சாக்கு எதுவும் மீதமில்லை. மக்கள் குடிக்கும் பீலிகள் அனைத்தையும் பதிவேட்டிலே எழுதி, மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் நீரைச் சோதித்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் அவ்விடத்திலேயே எழுதிவைக்கட்டும். ஊற்றுக்கு மேலே ஒரு பட்டி நிலத்தைப் பசளையும் களைகொல்லியும் படாமல் மரத்துக்கு விடும்படி தோட்டங்களைப் பணிக்கட்டும். அதற்கு வேண்டிய சோதனைச் செலவையும் ஆட்பலத்தையும் எமது எஞ்சினியர் சங்கங்களும் வைத்தியர் சங்கங்களும் ஏற்க முன்வரலாம். தை மாதத்திலே மேல் ஊற்று ஏன் நின்றுபோகின்றது என்பதை அந்தப் பெண்ணுக்கு விளக்கவும், அதனைச் சேமித்து வைக்க லயத்தருகே ஒரு தாங்கி அமைக்கவும் பெருந் திட்டங்கள் தேவையில்லை. அடுத்த பங்குனிக்கு முன் செய்துவிடலாம்.