மீந்த மாத்திரையும் சீழ்க்கட்டியும்

இளைய மகனின் தொடையில் சிவந்து வீங்கிய கட்டி ஒன்று தோன்றுகிறது. சென்ற மாதம் மூத்தவனுக்கு வாங்கியவற்றில் மீந்த நான்கு மாத்திரைகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றைத் தாய் அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அன்பினால் செய்யும் இச்செயல் குடும்பத்துக்கே தீங்காய் முடியக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

இத்தகைய கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்கிருமி. நலமாயிருப்போரிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவரது மூக்கினுள் இது தங்கியிருக்கிறது. தோலில் கீறல் ஏற்பட்டால் உட்புகுந்து சீழ் பிடிக்கச் செய்கிறது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் ஆற்றிய நோபல் பரிசு உரையிலேயே, அளவு குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது, எதிர்த்து நிற்கவே பழக்கும் என்று எச்சரித்தார். அவ்வாறே நிகழ்ந்தது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளை ஒடுக்க வந்த மெத்திசிலினையும் வென்ற வகை 1961-இல் இங்கிலாந்தில் காணப்பட்டது. நெடுங்காலம் பெரிதும் மருத்துவமனைகளில் காணப்பட்ட அது பின்னர் வீடுகளையும் எட்டியது. அமெரிக்காவின் மின்னசோட்டா, வடக்கு டக்கோட்டா மாநிலங்களில், 1997 முதல் 1999 வரை, முன்பு நலமாயிருந்த நான்கு குழந்தைகள் இக்கிருமியால் இறந்தனர்.

பெற்றோரே, அஞ்ச வேண்டா, விழிப்பு வேண்டும். சீழ் கோத்த கட்டிக்கு முதன்மையான சிகிச்சை மாத்திரையன்று. மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதே. சிறு கட்டிகள் பல அதனாலேயே ஆறிவிடும். சீழைச் சோதித்தால், எம்மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது தெரியவரும். மருந்து தரப்பட்டால், மருத்துவர் குறித்த அளவிலும் குறித்த நாள்வரையும் உண்ணுதல் வேண்டும்.

வீட்டில் கட்டியைப் பிதுக்காதீர்கள். தூய துணியால் மூடிக் கட்டுங்கள். புண்ணைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகளைக் கழுவுங்கள். ஒரே துண்டால் வீட்டார் அனைவரும் உடல் துவட்டும் வழக்கத்தை விடுங்கள். சவரக்கத்தியையும் பகிர்தல் ஆகாது. நோயுற்றவரின் உடைகளையும் விரிப்புகளையும் நன்கு துவைத்து முற்றிலும் உலர்த்துங்கள்.

காய்ச்சல் கண்டாலோ, சிவப்பு விரைந்து பரவினாலோ, கட்டி முகத்தில் தோன்றினாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கைக்குழந்தைகளுக்கும் நீரிழிவு உடையோருக்கும் சிறு கட்டியையும் அவரிடம் காட்டுவதே நன்று.

மீந்த சோற்றைப் பகிர்தல் அறம்; மீந்த மருந்தைப் பகிர்தல் அறமன்று. அந்த அலமாரியை இன்றே திறந்து பாருங்கள்.