கறியை எடுத்துட்டா தட்டுல என்ன மிச்சம்?

மக்களே, இன்னைக்கு ஒரு சோத்துச் சண்டை.

ரோஸ்ட் என்றதும் நம்மாட்களுக்கு முறுகல் தோசைதான் ஞாபகம் வரும். நான் சொல்வது அதில்லை. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடுகிற ரோஸ்ட் டின்னர். (மதியம் சாப்பிட்டாலும் அது டின்னர்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள் :-)) நடுவில் அவனில் சுட்ட மாடோ ஆடோ பன்றியோ கோழியோ இருக்கும். சுற்றிலும் உருளைக்கிழங்கும் காய்களும். எல்லாவற்றின் தலையிலும் கிரேவி என்கிற பழுப்புக் குழம்பு.

அந்தச் 'சுற்றிலும்' பற்றித்தான் இந்தப் பதிவு. எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை என்று இந்த ஊரில் குடும்பத்துக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். யார்க்ஷயர் புட்டிங் மாட்டுக்கு மட்டுமா, கோழிக்கும் உண்டா? காலிஃப்ளவர் சீஸ் வைக்கலாமா? பட்டாணி? மசித்த உருளை?

என் கட்சி ஒரே வரிதான். கறித்துண்டை எடுத்த பிறகும் அந்தத் தட்டு ஒரு முழுச் சாப்பாடாக இருக்க வேண்டும். அந்தப் பரீட்சையில் பாஸாகிறது உள்ளே, ஃபெயிலாகிறது வெளியே.

இதில் உனக்கென்ன வந்தது என்கிறீர்களா? நான் வட இங்கிலாந்தில் வணிகவியல் படிக்கிறேன். வார இறுதியில் ஒரு பப் சமையலறையில் தட்டு கழுவுகிறேன். (பெயரெல்லாம் வேண்டாம், சம்பளம் வரணும்.) பத்துப் பேர் கும்பலாக வருவார்கள், அதில் ஒருவர் கறி சாப்பிடாதவர். உருளைக்கிழங்கு சாப்பிடலாமா என்று கேட்பார். மாட்டுக்கொழுப்பில் பொரித்தது. கிரேவி? கறிச்சாறு. புட்டிங்? அதுவும் அதே கொழுப்பில் சுட்டதுதான். கடைசியில் அவருக்குக் கிடைப்பது வேகவைத்த காரட், வெந்து வெளிறிப்போன முட்டைக்கோஸ், ஃப்ரீசரிலிருந்து எடுத்த நட் ரோஸ்ட் ஒரு துண்டு. விலை? கறித் தட்டைவிட ஒரு பவுண்டு கம்மி!

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஒரு விஷயம் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு தொழிற்சாலையில் முக்கியப் பொருள் ஒன்று, கூடவே தானாக வருகிற உபபொருள் ஒன்று. உபபொருளுக்குக் கணக்கில் பெரிய மதிப்பு போட மாட்டார்கள். ரோஸ்ட் தட்டில் காய்கறியை அப்படித்தான் நடத்துகிறார்கள். தட்டிலேயே விலை உயர்ந்த சமாச்சாரம் கறி. அதை எடுத்த பிறகும் ஒரு பவுண்டுதான் குறைகிறது என்றால் இரண்டில் ஒன்று. மிச்சமிருப்பது நிஜமாகவே அவ்வளவு பெறும், அப்படியானால் அந்த மதிப்புக்குச் சமைக்க வேண்டும். இல்லை, அவ்வளவு பெறாது, அப்படியானால் அது பகல் கொள்ளை. மூன்றாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

சரி, ஐட்டம் ஐட்டமாகப் பார்ப்போம்.

1. யார்க்ஷயர் புட்டிங்

பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்க வேண்டாம். மாவு, முட்டை, பால் கரைத்து, புகைகிற சூட்டில் இருக்கும் எண்ணெயில் ஊற்றி, அவனில் வைத்தால் பூரி மாதிரி உப்பிக்கொண்டு வரும். "மாட்டுக்கு மட்டும்தான் இது, கோழிக்கு வைப்பது பாவம்" என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்கு ஒரு சரித்திரப் பாடம். 1737ல் வந்த 'தி ஹோல் டியூட்டி ஆஃப் எ உமன்' புத்தகத்தில் இதன் மூதாதையான 'டிரிப்பிங் புட்டிங்' இருக்கிறது. அந்தப் பாத்திரத்தை எதற்கடியில் வைக்கச் சொல்கிறார்கள் தெரியுமா? ஆட்டுத் தோள்கறிக்கு அடியில்! 1747ல் ஹன்னா கிளாஸ் தன் புத்தகத்தில் யார்க்ஷயர் புட்டிங் என்ற பெயரோடு செய்முறை தருகிறார். அதிலும் பொதுவாக இறைச்சி என்றுதான் வருகிறது. மாடு மட்டும் என்று எவரும் கல்வெட்டில் வெட்டி வைக்கவில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்து யார்க்ஷயர் வீடுகளில் இதைக் கறிக்கு முன்னால், கிரேவி ஊற்றி, தனியாகப் பரிமாறுவார்கள். வயிறு பாதி நிறைந்துவிட்டால் இருக்கிற கொஞ்சம் கறி எல்லோருக்கும் வரும். கறி பற்றாத வீட்டில் வயிற்றை நிரப்பிய ஆளை, இன்று வந்து "நீ கறியின் அலங்காரம்" என்பது என்ன நியாயம்?

2008ல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்கிற வேதியியல் சங்கமே, நாலு அங்குலம் உப்பாதது யார்க்ஷயர் புட்டிங் இல்லை என்று அறிவித்தது. உப்ப வைப்பது ஈர மாவில் கிளம்புகிற நீராவியும் எண்ணெயின் சூடும். கடலை எண்ணெயிலும் உப்பும். மாடு தேவையில்லை. தீர்ப்பு: எல்லாத் தட்டிலும் உள்ளே. (முட்டை சாப்பிடாத நம்மூர் சைவர்களுக்கு இது ஆகாது. இந்த ஊரில் வெஜிடேரியன் என்றால் பெரும்பாலும் முட்டை உண்டு. வந்து இறங்கியவர்கள் கவனிக்கவும்.)

2. உருளைக்கிழங்கு

இது இல்லாமல் ரோஸ்ட் இல்லை, இதில் சண்டையும் இல்லை. மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் மாதிரி மாவுக்கிழங்கு வாங்கி, தோல் சீவி, முக்கால் வேக்காடு வேகவைத்து, தண்ணீரை வடித்து, பாத்திரத்தோடு நன்றாகக் குலுக்க வேண்டும். ஓரமெல்லாம் உதிர்ந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புதான் பின்னால் மொறுமொறுப்பு. பிறகு சூடான எண்ணெயில் புரட்டி அவனுக்குள். மொறுமொறுப்பைத் தருவது குலுக்கலும் சூடும். கொழுப்பு கூடுதலாக ஒரு வாசனை தரும், மறுக்கவில்லை. அந்த வாசனைக்காக மேஜையில் ஒருவரைப் பட்டினி போடலாமா என்பதுதான் கேள்வி.

மசித்த உருளை? ஒரே தட்டில் இரண்டு உருளை எதற்கு? வெளியே.

3. இனிப்புக் கிழங்கு ஒன்று

பார்ஸ்னிப் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக் காரட் மாதிரி இருக்கும். பனி விழுந்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதனால் குளிர்கால பார்ஸ்னிப் சுட்டால் ஓரம் தேன் மாதிரி ஆகிவிடும். உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கும் சீனியர் இது. அதை இன்றைக்குப் பாதி பப்பில் காணோம். பார்ஸ்னிப் அல்லது காரட், எதுவானாலும் சுட்டு வைக்க வேண்டும். தண்ணீரில் அவித்தது வெளியே.

4. பச்சை ஒன்று

இங்கேதான் குற்றமே நடக்கிறது. முட்டைக்கோஸ் குடும்பத்தை எவ்வளவு நேரம் வேகவைக்கிறீர்களோ அவ்வளவு கந்தக நாற்றம் வரும். "இங்கிலீஷ் சாப்பாடு சப்புன்னு இருக்கும்" என்கிற நம் பசங்களும், "எனக்கு ஸ்ப்ரவுட் பிடிக்காது" என்கிற இந்த ஊர்ப் பசங்களும் திட்ட வேண்டியது காயை இல்லை, கடிகாரத்தை. பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்டின் கசப்புக்குக் காரணமான சேர்மங்களை 1990களில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பிறகு, கசப்பு குறைந்த ரகங்களை உருவாக்கிவிட்டார்கள். காய் திருந்திவிட்டது, சமையல்காரர் இன்னும் திருந்தவில்லை. பாதியாக வெட்டி, வாணலியில் வெட்டுப்பக்கம் சிவக்க வதக்குங்கள். ஐந்து நிமிஷ வேலை.

பட்டாணி? கிரேவியில் நீச்சலடிப்பதைத் தவிர வேறு வேலை செய்யாது. வெளியே.

5. காலிஃப்ளவர் சீஸ்

இது பக்கத்தில் இருக்கக் கூடாது. சீஸ் சாஸும் கிரேவியும் ஒரே தட்டில் கலந்தால் இரண்டுமே கெடும். ஆனால் நடுவில் இருக்கலாம்! கறி சாப்பிடாதவருக்கு அந்த நட் ரோஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை நடுவில் வையுங்கள். "கறியை எடுத்தால் புரோட்டீன் எங்கே?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்.

6. தொட்டுக்க

ஆட்டுக்குப் புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ், மாட்டுக்கு ஹார்ஸ்ராடிஷ். நல்ல ஏற்பாடுதான், கொழுப்பை வெட்ட ஒரு புளிப்போ காரமோ வேண்டும். ஆனால் புதினா சாஸில் இருப்பது புதினா, வினிகர், சர்க்கரை. சுட்ட உருளையோடு சாப்பிட்டால் போலீஸ் பிடிக்காது. மூன்றையும் மேஜையில் வையுங்கள். கிரேவியை வெங்காயம், காளான் வறுத்து ஒரு தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள்.

இனி வழக்கமான எதிர்ப்பு. "ரோஸ்ட் என்பதே கறிதான், சைவம் நேற்று வந்த ஃபேஷன்." அப்படியா? இந்த நாட்டில் வெஜிடேரியன் சொசைட்டி தொடங்கியது 1847ல். 1888ல் லண்டன் வந்த காந்திக்கு என்ன சமைப்பது என்று தெரியாமல் வீட்டுக்காரம்மா முழித்த கதை அவர் சுயசரிதையிலேயே இருக்கிறது. அதே லண்டனில் சைவ ஹோட்டலைத் தேடிப் பிடித்து வயிறார சாப்பிட்ட கதையும் இருக்கிறது. பிரச்சினை ஊரில் இல்லை, சமைக்கிறவர் மெனக்கெடுவதில் இருக்கிறது.

அது போகட்டும். 1940லிருந்து 1954 வரை இங்கே இறைச்சிக்கு ரேஷன். பதினாலு வருஷம்! யுத்த காலத்தில் தோட்டத்தைக் கொத்திக் காய் போடச் சொல்லி அரசாங்கமே பிரசாரம் செய்தது. கறி ஒரு சின்னத் துண்டாகச் சுருங்கிய அந்த வருஷங்களில் தட்டை நிரப்பியது உருளையும் காரட்டும் கோஸும்தான். கஷ்டத்தில் சோறு போட்டவனை வசதி வந்ததும் திண்ணையில் உட்கார வைக்கிற பழக்கம் நம்மூரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

கறி சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் சாப்பிடுகிறவன்தான். கறியை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை என்கிற தட்டில் கறி சாப்பிடுகிறவனும்தான் ஏமாறுகிறான். வெளிறிய கோஸுக்கும் சேர்த்துத்தான் அவனும் காசு கொடுக்கிறான்.

ஆகவே தீர்மானம்: சுட்ட உருளை, ஒரு இனிப்புக் கிழங்கு, வேகாமல் வதக்கிய ஒரு பச்சை, எல்லோருக்கும் ஒரு புட்டிங், எல்லோரும் ஊற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கிரேவி. மேஜையில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கறி வேண்டியவர் கறி வைத்துக்கொள்ளட்டும்.

டிஸ்கி: யார்க்ஷயர்காரர்கள் யாராவது தமிழ் படிப்பவர்களாக இருந்தால், நான் ஊரில் இல்லை :-)