முருங்கை மரமும் மூன்று வேதாளங்களும்

நான் பார்த்தவரையில் நம் வேதாளம் தொலைக்காட்சியில் மூன்று முறை விக்கிரமனின் தோளில் ஏறிவிட்டது. 1985-இல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'விக்ரம் அவுர் பேதால்', 2009-இல் அதே சாகர் குடும்பத்தார் கலர்ஸில் எடுத்த தொடர், 2018-இல் அண்ட் டி.வி.யில் வந்தது. மூன்றையும் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

1985-இல் நான் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் இளநிலைப் பொறியாளன். எங்கள் மாடியில் ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. பின்னாளில் ராமராக வந்த அருண் கோவில்தான் விக்கிரமன், வேதாளம், சஜ்ஜன். அந்த வெள்ளைத் தலையும் சிரிப்பும்! வேதாளம் பறக்கும் தந்திரக் காட்சிகளை இன்று பார்த்தால் குழந்தைகள்கூடச் சிரிப்பார்கள். ஆனால் தொடர் முடிந்ததும் மாடி முழுவதும் வழக்காடுமன்றமாகிவிடும். ராஜா சொன்ன பதில் சரியில்லை என்பார் மராத்திக்கார அண்டை வீட்டுக்காரர். திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள் விடுவோமா?

கதையின் உயிரே அதுதான். 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் இதை ஆங்கிலத்தில் எழுதியபோது வேதாளத்துக்கு 'வாம்பயர்' என்று பெயரிட்டார். டிராகுலா நாவல் வந்தது அதற்கு 27 ஆண்டுகள் கழித்து. ஆனால் நம் வேதாளம் யார் இரத்தத்தையும் குடிப்பதில்லை, கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும்; பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பும். (யார்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் ஷண்டிங் அடிக்கும் வண்டி போல என்று என் சகாக்களிடம் சொல்வதுண்டு.)

புதிய தொடர்களில் கணினி வரைகலை கண்ணைப் பறிக்கிறது, பின்னணி இசை காதைக் கிழிக்கிறது. கேள்வி மட்டும் எங்கோ அமுங்கிப்போகிறது. மகரந்த் தேஷ்பாண்டே நல்ல நடிகர், அவரைக் குறை சொல்லவில்லை. யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

'பழையதே உசத்தி' என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை. மூலத்தில் இருப்பவை இருபத்தைந்து கதைகள்தான். நான் உயிராய் நேசித்த 'அம்புலிமாமா' அதோடு நிறுத்தாமல் புதிது புதிதாகக் கதைகளைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஓட்டியது. அதுவும் ஒரு மறுபிறவிதானே! வாளோடும் தோளில் பிணத்தோடும் விக்கிரமன் நடக்கும் அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020-இல் மறைந்தார். அந்தப் பத்திரிகையை 2007-இல் வாங்கியது நம் மும்பை நிறுவனம் ஒன்று. கணினியில் புத்துயிர் பெறும் என்று நானும் நம்பினேன். சில ஆண்டுகளில் அச்சே நின்றுபோனது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் பழைய இதழ் ஏதும் கிடைக்குமா என்று இன்றும் துழாவுகிறேன். கிடைத்தாலும் செம்பூரில் வளரும் என் பேத்திக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். விக்கிரமனை அவளுக்கு அறிமுகப்படுத்தியது, நான் குறை சொன்ன அந்த 2018 தொடர்தான். கைபேசியில் பார்த்துவிட்டு, "தாத்தா, பேதால் ஸ்டோரி உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

என் அம்மா சொன்ன கதையைச் சொன்னேன். ஒரு பெண்ணை மணக்க மூவர் வருகிறார்கள். அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான், ஒருவன் சுடுகாட்டுச் சாம்பலிலேயே படுத்துக் கிடக்கிறான், மூன்றாமவன் மந்திரம் கற்றுவந்து அவளை எழுப்புகிறான். அவள் யாருக்கு மனைவி? உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பு சுமந்தவன் மகன், சாம்பலில் கிடந்தவனே கணவன் என்பது விக்கிரமன் தீர்ப்பு.

பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்த அக்காவை யாருமே கேட்கலையா?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை, ஆகவே தலையும் தப்பியது. அடுத்த ஞாயிறு இன்னொரு கதை வேண்டுமாம்.