மணி தவறாத தலைவலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் நம் பெரியவர்கள். கொத்துத் தலைவலிக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும். ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. அக்கம்பக்கத்தார் அறியாததால், நோயாளி வலியோடு பழிச்சொல்லையும் சுமக்கிறார்.

வாசக அன்பர்களே, இதன் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும், கண்ணைச் சுற்றியும் நெற்றிப்பொட்டிலும் குடையும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும், இமை தொங்கும், அதே பக்கத்து மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். மைகிரேன் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். இவரோ படுக்க முடியாமல் நடந்துகொண்டே இருப்பார். பலருக்குத் தினமும் ஒரே வேளையில், அதுவும் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வரும். சில வாரங்கள் வாட்டிவிட்டு மாதக்கணக்கில் மறைந்துவிடும். சிலருக்கு ஆண்டு முழுவதும் ஓயாது.

இதைக் காத்துக்கருப்பு என்றோ, வேலைக்குப் போகாமலிருக்க நடிப்பு என்றோ பேசுவது பாவம். உடம்பின் கடிகாரமாக இயங்கும் மூளையின் சிறு பகுதி, இவ்வலி வரும்போது முனைந்து வேலை செய்வதை ஆய்வாளர்கள் 1998-ல் படம் பிடித்துக் காட்டினார்கள். இது தெரியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. கோடாலித் தைலமும் பனடோலும் இதற்குப் போதா.

ஆனால் சிகிச்சை இருக்கிறது. முகமூடி வழியாக நிமிடத்திற்கு 12 லிட்டர் வீதம் சுத்தமான பிராணவாயுவை 15 நிமிடம் சுவாசிக்க வைப்பார்கள். 2009-ல் வெளியான ஆய்வில், இப்படிச் சுவாசித்தபோது 100-க்கு 78 தடவை வலி தணிந்தது. சாதாரணக் காற்றில் 20 தடவைதான். சுமட்ரிப்டான் ஊசியும் விரைவில் கேட்கும். இருதய நோயாளிக்கு அது ஆகாது. வலி வராமல் தடுக்க வெராபமில் மாத்திரை உண்டு, அதற்கு இ.சி.ஜி. பார்க்க வேண்டும். எல்லாம் டாக்டர் சொற்படியே. வலி வரும் காலத்தில் கள், பீர், சம்சு எதையும் தொடக்கூடாது.

பழைய பள்ளி நோட்டில் தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தக் கண் என்று குறித்து, கிளினிக்கில் காட்டி, நரம்பியல் நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். மலாயில் விளக்கத் தெரியாதவருக்கு அந்த நோட்டே பேசும். முதன்முறையாகத் திடீரென்று கடும் தலைவலி வந்தால் மட்டும் நோட்டுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நள்ளிரவில் வலியோடு நடப்பவரைப் 'படு, படு' என்று அதட்டாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதிவையுங்கள். வீட்டார் செய்யக்கூடிய முதல் வைத்தியம் அதுதான்.