‘வேண்டாங்க, திரும்பிடலாம்!’

‘முன்னாடி பஸ் போகுதே... நாமும் போயிடலாம்!’ மழை நாளில் ஸ்டியரிங் பிடித்தவர் சொல்லும் இந்த வார்த்தையில்தான் ஆபத்தே ஆரம்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, சென்னை பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தோடு போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

அரை அடி தண்ணீரே பெரும்பாலான கார்களின் அடிப்பாகத்தைத் தொட்டுவிடும்; வண்டி நம் பேச்சைக் கேட்காது. 1 அடியில் பல கார்கள் மிதக்க ஆரம்பிக்கும். ஓடுகிற தண்ணீர் 2 அடி இருந்தால் பெரிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சுரங்கப்பாதையிலோ ஆழமே தெரியாது.

மாட்டிக்கிட்டீங்களா? நின்றுபோன இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணீர் காருக்குள் ஏற ஆரம்பித்ததுமே சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்குங்கள். குழந்தைகளை முதலில் வெளியேற்றி, நீங்களும் காரின் கூரை மேல் ஏறுங்கள். கதவோடு போராட வேண்டாம். வெளியே தண்ணீரின் அழுத்தம் திறக்க விடாது. ஜன்னல் இறங்கவில்லையா? பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடி லேசில் உடையாது. இதற்கென்றே விற்கும் சின்ன சுத்தியல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வெள்ளத்தில் நடந்தபின் சில நாட்களில் காய்ச்சல் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்து சீட்டிலிருந்து ‘வேண்டாங்க’ என்று குரல் வந்தால் கௌரவம் பார்க்காமல் வண்டியைத் திருப்புங்கள். போன காரை இன்னொரு நாள் வாங்கிக்கலாம்... உயிரை?